இடம் இல்லை என்றாலும் அதைத் திகதியிட்டுச் சொல்லுங்கள்

2024 பெப்ரவரி தொடக்கத்தில், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரின் செயின்ட் போல்ஸ் பகுதியில் உள்ள ஒரு பல் வைத்திய நிலையம், அரச சுகாதார சேவையான என்எச்எஸ் வழியாகப் புதிய நோயாளர்களைச் சேர்த்துக்கொள்கிறது என்ற செய்தி பரவியது. நூற்றுக்கணக்கானோர் வீதியோரமாக வரிசையில் வந்து நின்றார்கள். கூட்டத்தைப் பார்த்துக்கொள்ளக் காவல்துறையினரும் வரவேண்டியதாயிற்று. அதே இடத்தில் முன்னர் இயங்கிய நிலையம் 2023இல் மூடப்பட்டிருந்தது. அந்த வரிசையின் படங்களைப் பார்த்த எல்லோரும் பல் வைத்தியர் பற்றாக்குறையைப் பற்றியே பேசினார்கள். அது பேசப்பட வேண்டியதுதான். ஆனால் அந்த வரிசையில் நின்றவர்கள் அனைவரும் செய்தி எட்டியவர்கள் என்பதை ஏனோ யாரும் பேசவில்லை. செய்தி எட்டாதவர்கள் எந்தப் படத்திலும் இல்லை.

இடம் குறைவாக இருக்கும்போது, இடம் இருக்கிறது என்ற தகவல் யாருக்கு முதலில் கிடைக்கிறதோ அவருக்கே வைத்தியமும் கிடைக்கிறது. ஆகவே ஒரு பல் வைத்திய நிலையம் தன்னிடம் இடம் உண்டா, எப்போது திறந்திருக்கும், என்ன கட்டணம், மாடிப்படி ஏற வேண்டுமா என்பவற்றை மக்களுக்கு விளங்கும்படி அறிவிப்பதை ஒரு உபரி வேலையாக நான் கருதவில்லை. அது சிகிச்சையின் முதற்பகுதி. இலண்டனின் ஹரோ, வெம்பிளி, ஈஸ்ட்ஹாம், இல்ஃபோர்ட், டூட்டிங் போன்ற பகுதிகளில் வாழும் நம்மவர்களுக்கு, குறிப்பாக ஆங்கிலத்தில் தொலைபேசியில் பேசத் தயங்கும் மூத்தவர்களுக்கு, அந்த முதற்பகுதி கிடைக்காமலே போகிறது.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தீர்க்க வேண்டும். "நான் அந்த டென்டிஸ்டிடம் பதிந்திருக்கிறேன்" என்று நம்மில் பலர் சொல்கிறோம். இங்கிலாந்தில் 2006 ஏப்ரலில் புதிய ஒப்பந்தமுறை வந்ததிலிருந்து, குடும்ப வைத்தியரான ஜிபியிடம் பதிவதுபோல் பல் வைத்தியரிடம் பதியும் முறை இல்லை. ஒரு சிகிச்சைத் தொடர் முடியும்வரைதான் நிலையத்துக்கு உங்கள் மீது ஒப்பந்தப் பொறுப்பு உண்டு. அதன்பின் உங்களைத் தங்கள் பட்டியலில் வைத்திருப்பது அவர்களுடைய நடைமுறை மட்டுமே. இதைப் பெரும்பாலான நிலையங்கள் வாய்திறந்து சொல்வதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு அன்ரி, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் போகாமல் இருந்துவிட்டு, பல்வலி வந்ததும் வழக்கமான இடத்துக்குத் தொலைபேசி எடுத்தபோதுதான் தன் பெயர் நீக்கப்பட்டிருப்பதை அறிந்தார். கடிதமும் வரவில்லை, குறுஞ்செய்தியும் வரவில்லை. நீக்கியது விதிக்கு முரணானதல்ல என்று அவருக்கு விளக்கிச் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. நீக்குவதற்கு முன் "இன்னும் மூன்று மாதங்களுக்குள் பரிசோதனைக்கு வராவிட்டால் உங்கள் இடம் இன்னொருவருக்குக் கொடுக்கப்படும்" என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்ப எவ்வளவு செலவாகும்? வரவேண்டிய பரிசோதனையை நினைவூட்ட அதே நிலையங்கள் குறுஞ்செய்தி அனுப்பத்தானே செய்கின்றன.

என்எச்எஸ் இணையத்தளத்தில் உங்கள் தபால் குறியீட்டை இட்டால் அருகிலுள்ள நிலையங்களின் பட்டியல் வரும். ஒவ்வொன்றின் கீழும் பெரியவர்களைச் சேர்க்கிறார்களா, சிறுவர்களை மட்டுமா, கட்டணவிலக்கு உள்ளவர்களை மட்டுமா என்று எழுதியிருக்கும். பல இடங்களில் "இடவசதி இருக்கும்போது" என்ற ஒரு சொற்றொடர் ஒட்டிக்கொண்டிருக்கும். இன்னும் சில இடங்களில், இந்நிலையம் அண்மையில் விவரம் தரவில்லை, நேரடியாகத் தொடர்புகொண்டு கேளுங்கள் என்றிருக்கும். 2022 நவம்பர் முதல் இவ்விவரங்களைக் குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பது நிலையங்களின் ஒப்பந்தக் கடமையாக்கப்பட்டது. அதன்பின்னும் அந்த வரி கண்ணில் படுகிறது என்றால், கடமை ஏட்டில் இருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். 2022 ஆகஸ்ட்டில் பிபிசி வெளியிட்ட ஆய்வு, பத்தில் ஒன்பது நிலையங்கள் புதிய வயதுவந்த என்எச்எஸ் நோயாளர்களைச் சேர்க்கவில்லை என்று கண்டது. அதைக் கண்டறிய அவர்கள் ஏறக்குறைய 7,000 நிலையங்களைத் தொடர்புகொள்ள வேண்டியிருந்தது. ஒரு பெரிய செய்தி நிறுவனத்தால் அது முடியும். தாடை வீங்கிய ஒருவர் எத்தனை இடங்களுக்கு அழைப்பார்?

நிலையங்கள் ஏன் புதுப்பிப்பதில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது, அதை மறைப்பது நியாயமாகாது. ஒவ்வொரு நிலையமும் ஆண்டுதோறும், ஏப்ரல் முதல் மார்ச் வரைக்கான ஒரு வேலை அளவுக்கு ஒப்பந்தம் செய்கிறது. அதன் அலகை யூடிஏ என்பார்கள். அளவில் 96 சதவீதத்துக்குக் கீழே போனால் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அளவு முடிந்தபின் மேலதிகமாகச் செய்யும் வேலைக்குப் பொதுவாகப் பணம் வராது. எனவே மே மாதத்தில் இடம் இருந்த நிலையத்தில் ஜனவரியில் இடம் இல்லாமல் போகலாம். ஒரு வைத்தியர் விலகிச் சென்றால் ஒரே கிழமையில் நிலைமை தலைகீழாகலாம். "ஆம்" என்று இணையத்தில் போட்டால் மறுநாள் காலை தொலைபேசி ஓயாது என்ற பயமும் உண்டு. பிரிஸ்டல் வரிசையைப் பார்த்த எந்த முகாமையாளருக்கும் அந்தப் பயம் வரத்தான் செய்யும். வரவேற்பு மேசையில் இருப்பவர் வாங்கும் வசவுகளை நானும் காத்திருப்பு அறையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

ஆனால் நிலைமை அடிக்கடி மாறுகிறது என்பது, சொல்லாமல் இருப்பதற்கான காரணமாக முடியாது. திகதியிட்டுச் சொல்வதற்கான காரணம் அதுதான். "இன்றைய நிலவரப்படி பெரியவர்களுக்கு இடம் இல்லை, 17 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களைச் சேர்க்கிறோம், அடுத்ததாக ஏப்ரல் முதல் கிழமையில் இதைப் புதுப்பிப்போம்" என்று கதவிலும் இணையப்பக்கத்திலும் தொலைபேசிப் பதிவுக்குரலிலும் ஒரே வாசகத்தை வைத்தால், அந்தத் தொலைபேசி அழைப்புகளில் பாதி வராது. எத்தனையோ இடங்களில் இம்மூன்றும் மூன்று விதமாக இருக்கின்றன: பக்கம் சேர்க்கிறோம் என்கிறது, குரல் காத்திருக்கச் சொல்கிறது, கதவில் ஒன்றுமே இல்லை.

"என்எச்எஸ் இடம் இல்லை, தனியாராக என்றால் நாளைக்கே பார்க்கலாம்" என்ற பதிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு முறைகளிலும் வேலை செய்ய நிலையங்களுக்கு அனுமதி உண்டு. அதில் சட்டமீறல் இல்லை. ஆனால் எது என்எச்எஸ், எது தனியார் என்பதைப் பிரித்துச் சொல்லாமல், வலியோடு நிற்பவரிடம் ஒரு தொகையை மட்டும் சொல்வது நேர்மையல்ல. எளிமையான விலைப்பட்டியலை நிலையத்தில் தெளிவாகத் தெரியும்படி வைக்க வேண்டும் என்று பல் வைத்தியர்களின் ஒழுங்குமுறை அமைப்பான ஜெனரல் டென்டல் கவுன்சில் சொல்கிறது. சிகிச்சை தொடங்குமுன் அதைப் பார்த்துக் கேட்கும் பழக்கம் நமக்கு வர வேண்டும்.

கட்டணம் தொடர்பான தகவல் குறைபாடுதான் நம் மூத்தவர்களை அதிகம் வருத்துகிறது. இங்கிலாந்தில் 60 வயதானதும் மருந்துச்சீட்டுக்குக் கட்டணம் இல்லை, கண் பரிசோதனைக்கும் இல்லை. எனவே பல்லுக்கும் இல்லை என்று நினைப்பது இயல்பு. ஆனால் பல் சிகிச்சைக்கு வயது காரணமான விலக்கு எதுவும் 60இல் வருவதில்லை. படிவத்தில் எங்கோ ஒரு கட்டத்தில் அடையாளமிட்டுக் கையொப்பம் வைத்துவிட்டு வருகிறார்கள். பல மாதங்கள் கழித்து, செலுத்தாத கட்டணத்தோடு 100 பவுண்ட்ஸ் வரை தண்டமும் சேர்த்துக் கடிதம் வருகிறது. வருமானம் குறைந்த மூத்தவர்களுக்கான அரச உதவித்தொகையான பென்ஷன் கிரெடிட்டிலேயே "கியாரண்டி கிரெடிட்" எனப்படும் பகுதியைப் பெறுபவருக்கு விலக்கு உண்டு, "சேவிங்ஸ் கிரெடிட்" மட்டும் பெறுபவருக்கு அதனால் விலக்கு இல்லை. இந்த வேறுபாட்டை ஆங்கிலத்தில் ஊறியவர்களே இரண்டு தடவை வாசித்துத்தான் புரிந்துகொள்வார்கள். வரவேற்பு மேசையில் ஒருவர், "எந்த உதவித்தொகை பெறுகிறீர்கள், கடிதம் இருக்கிறதா" என்று கேட்டுவிட்டுப் படிவத்தைக் கொடுத்தால் போதும். பாதித் தண்டக் கடிதங்கள் பிறக்கவே மாட்டா. வருமானம் குறைந்தவர்கள் எச்.சி.1 (HC1) படிவம் நிரப்பி உதவி கோரலாம் என்ற அறிவிப்பு, காத்திருப்பு அறைகளில் பற்களை வெண்மையாக்கும் விளம்பரங்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது.

எதிர்த்திசையிலும் இதே அறியாமை வேலை செய்கிறது. என்எச்எஸ் பல் சிகிச்சைக்கு மூன்று கட்டணப் பிரிவுகள் உண்டு. 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி முதல் பிரிவு (பரிசோதனை போன்றவை) 27.40, இரண்டாம் பிரிவு (அடைத்தல், பிடுங்குதல் போன்றவை) 75.30, மூன்றாம் பிரிவு (செயற்கைப் பல் போன்றவை) 326.70 பவுண்ட்ஸாக இருந்தது. ஒரு சிகிச்சைத் தொடருக்கு ஒரு கட்டணம்தான். ஒரு பல்லை அடைத்தாலும் மூன்று பற்களை அடைத்தாலும் இரண்டாம் பிரிவுக் கட்டணம் ஒன்றே. அவசரச் சிகிச்சைக்கு முதல் பிரிவுக் கட்டணம். இது தெரியாமல், பல்லுக்கு இவ்வளவு என்று பெருக்கிப் பார்த்துப் பயந்து, ஒவ்வொன்றாகத் தள்ளிப்போடுபவர்கள் இருக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கும், குழந்தை பிறந்து 12 மாதங்கள் ஆகாத தாய்மாருக்கும், 18 வயதுக்குட்பட்டவர்களுக்கும் கட்டணமே இல்லை என்பதைச் சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளி வாசலில் நான் சொன்னபோது, கைக்குழந்தையோடு நின்ற ஒரு இளம் தாய் அதை அன்றுதான் கேள்விப்பட்டதாகச் சொன்னார்.

மொழிக்கு வருகிறேன். என்எச்எஸ் சேவைகள் தகவலை நோயாளருக்கு விளங்கும் வடிவில் தரவேண்டும் என்ற தரநிலை ஒன்று 2016 முதல் நடைமுறையில் இருக்கிறது. பார்வை, செவிப்புலன், கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கானது அது; வேற்றுமொழி பேசுவோரை அது உள்ளடக்கவில்லை. ஆனால் என்எச்எஸ் சிகிச்சைக்கு உரைபெயர்ப்பாளரைக் கேட்கலாம், அதற்கு நோயாளர் பணம் கொடுக்கத் தேவையில்லை. இதை எந்த நிலையத்தின் சுவரிலாவது தமிழில் பார்த்திருக்கிறீர்களா? நடப்பதென்னவென்றால், பள்ளிக்கூடத்துக்கு விடுப்பெடுத்த பேரப்பிள்ளை, வேர்ச் சிகிச்சைக்கும் பல் பிடுங்குவதற்கும் இடையே உள்ள வேறுபாட்டைத் தனக்குத் தெரிந்த தமிழில் அம்மம்மாவுக்குச் சொல்கிறது. அம்மம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார். எந்த மருந்து ஒவ்வாது என்ற கேள்வி அந்தப் பிள்ளை வழியாகப் போய் வருவதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. பிள்ளைகளை உரைபெயர்ப்பாளராக்கும் பழக்கத்தை நிலையங்கள் அனுமதிக்கக் கூடாது. நாமும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது. இலண்டனில் தமிழ் பேசும் பல் வைத்தியர்கள் கணிசமாக இருக்கிறார்கள். எந்தக் கிழமை நாட்களில் அவர்கள் இருப்பார்கள் என்று நிலையத்தின் பக்கத்தில் ஒரு வரி எழுதினாலே எத்தனையோ குடும்பங்கள் அந்நாட்களைக் கேட்டு வாங்கும்.

இங்கே பல நிலையங்கள் பழைய வீடுகளிலும் கடைகளின் மேல்மாடிகளிலும் இயங்குகின்றன. முழங்கால் வலியோடு போய்ச் செங்குத்தான படிகளைக் கண்டு திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். கீழ்த்தளத்தில் ஒரு அறை இருந்திருக்கலாம், கேட்டிருந்தால் கொடுத்திருக்கவும் கூடும். ஆனால் கேட்கலாம் என்பதையே யாரும் சொல்லவில்லை.

இவ்வளவும் நிலையங்களுக்கு. நம் வட்ஸ்அப் குழுமங்களிலும் இதே நோய் இருக்கிறது. "இந்த டென்டிஸ்ட் புதிய ஆட்களை எடுக்கிறார்கள், உடனே பகிருங்கள்" என்று திகதியில்லாமல் வரும் செய்தி, சில ஆண்டுகள் கழித்தும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை நம்பி ஈஸ்ட்ஹாமிலிருந்து ஹரோவரை இரண்டு ரயில் மாறிப் போனவரும் உண்டு. அனுப்புகிறவர்கள், நிலையத்தோடு என்று பேசினார்கள், யாருக்கு இடம் என்று சொன்னார்கள் என்ற இரண்டு விவரங்களைச் சேர்த்து அனுப்பினால் அது உதவி. இல்லையென்றால் அது இன்னொரு பழைய இணையப்பக்கம். தூரமாகப் போவதில் தவறில்லை, இங்கிலாந்தில் பல் வைத்தியருக்கு ஜிபிபோல் எல்லைப் பகுதி கிடையாது. போகுமுன் அழைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள். வழக்கமான இடம் இல்லாத நிலையில் கடும் வலி, வீக்கம் என்றால் என்எச்எஸ் உதவித் தொலைபேசி எண்ணான 111ஐ அழைக்கலாம். ஆங்கிலம் வராதவர் "டமில்" என்று சொன்னால் உரைபெயர்ப்பாளரை இணைப்பார்கள். மூச்சுவிடவோ விழுங்கவோ முடியாத வீக்கம் என்றால் காத்திருக்காமல் 999ஐ அழைக்க வேண்டும் அல்லது வைத்தியசாலை அவசரப்பிரிவுக்குப் போக வேண்டும்.

நிலையத்தின் இணையப்பக்கத்தில் ஒன்றும் நேரில் வேறொன்றுமாக இருந்தால், முதலில் நிலையத்தின் முகாமையாளருக்கு எழுதுங்கள். அவருக்கு எழுத விருப்பமில்லையென்றால், 2023 ஏப்ரல் முதல் பல் சேவைகளுக்குப் பொறுப்பாக உள்ள உங்கள் பகுதியின் இன்டிகிரேட்டட் கேர் போர்டுக்கு எழுதலாம். முறைப்பாடுகளையும் அதே ஆண்டு ஜூலை முதல் அவர்களே பெற்றுக்கொள்கிறார்கள். நீண்ட கடிதம் தேவையில்லை. எந்தப் பக்கத்தில் எந்தத் திகதியில் என்ன எழுதியிருந்தது, அன்று தொலைபேசியில் என்ன சொன்னார்கள் என்ற இரண்டையும் படத்தோடு அனுப்புங்கள். ஆங்கிலத்தில் எழுதச் சிரமமாக இருப்பவர்கள் விவரத்தைத் தமிழில் எனக்கு அனுப்புங்கள், எழுதித் தருகிறேன்.