தளம் மட்டமாக இருந்தால் தண்ணீர் எங்கே போகும்?

"வாகன நிறுத்துமிடத்தை ரசமட்டம் பார்த்து மட்டமாகப் போட்டுவிட்டால் அப்புறம் பராமரிப்பே வேண்டாம்" என்று ஒருவர் சொல்லியிருப்பது தவறு. தார்த்தளத்துக்குச் சரிவு கட்டாயம் வேண்டும். 100 அடிக்கு 1 அடியாவது. இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கி, மயிரிழை விரிசல் வழியே இறங்கி, அடியில் இருக்கும் ஜல்லிப் படுகையை இளக்கிவிடும். மேலே வண்டிகள் ஏறி இறங்க, முதலில் முதலைத் தோல் மாதிரி வெடிப்பு, அப்புறம் பள்ளம். விரிசல் சிறிதாக இருக்கும்போதே தார் ஊற்றி அடைத்துவிட வேண்டும். வடிகால் வாயில் சேரும் இலைகளையும் வாரிவிட வேண்டும்.

சக்கர நாற்காலிக்காரர்களுக்கான இடத்தில் மட்டும் சரிவு எந்தத் திசையிலும் 2 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. போனால், அவர் காரிலிருந்து இறங்கும் நேரத்தில் நாற்காலி உருண்டுவிடக்கூடும். இதைத் தயவுசெய்து அலட்சியப்படுத்தாதீர்கள்.