அந்த 2 சதவீதம் பாதிக் கணக்குதான்

பிரதர், 'அப்பா சர்ச்சுக்குப் போகாத வீட்டில் 2 சதவீதப் பிள்ளைகள்தான் விசுவாசத்தில் நிற்பார்கள், அம்மா என்ன பாடுபட்டாலும் வீண்' என்று எழுதியிருக்கிறீர்கள், அது தவறு. சுவிட்சர்லாந்தில் 1994-ல் எடுத்த கணக்கெடுப்பு அது. அந்த 2 சதவீதம், வளர்ந்தபிறகும் தவறாமல் ஆராதனைக்குப் போகிறவர்கள் மட்டும்தான், அவ்வப்போது போகிறவர்கள் இன்னொரு 37 சதவீதம் இருக்கிறார்கள், ஃபார்வர்டில் அதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். அப்பாவின் பங்கு பெரியது, சரி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பைபிளில் வரும் இளம் ஊழியர் தீமோத்தேயுவின் அப்பா கிரேக்கர். அவருடைய விசுவாசம் முதலில் யாரிடம் இருந்தது என்று அப்போஸ்தலன் பவுல் பெயர் சொல்லி எழுதுவது பாட்டி லோவிசாளையும் அம்மா ஐனிக்கேயாளையும்தான். எங்கள் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை அப்பா கடைக்குப் போய்விடுவார், அம்மா எங்கள் மூன்று பேருக்கும் ஈரத்தலையைத் துவட்டி, காணிக்கைச் சில்லறையைக் கையில் வைத்து அழுத்தி, பஸ் ஏற்றிக் கூட்டிப் போவார். மூன்று பேரும் இன்றும் சபையில்தான் இருக்கிறோம். அப்படித் தனியாகப் பிள்ளைகளைக் கூட்டிப் போகும் அம்மாக்களும் இதைப் படிக்கிறார்கள், தயவுசெய்து அந்த வரியைத் திருத்திவிடுங்கள்.