கேன்னிங் வெட்டுன கிணறும் அதுக்கு முன்னாடியே இருந்த ஊத்தும்

மேற்கு ஆஸ்திரேலியாவுல கேன்னிங் ஸ்டாக் ரூட்னு ஒரு பாதை இருக்கு, ஹால்ஸ் க்ரீக்ல இருந்து விலூனா வரைக்கும் கிட்டத்தட்ட 1850 கிலோமீட்டர், பூரா பாலைவனம், மணல்மேடு மேல மணல்மேடு. மாட்டு மந்தைய நடத்தி கூட்டிட்டுப் போறதுக்காகவே போட்ட பாதை. இப்ப ஜீப் எடுத்துட்டுப் போய் வீடியோ போடுறவங்க நிறைய பேர், அதுல பாதி பேர் சொல்ற கதை ஒண்ணுதான்: ஆல்ஃப்ரட் கேன்னிங்னு ஒரு சர்வேயர் ஒண்ணுமே இல்லாத பாலைவனத்துல தண்ணி கண்டுபிடிச்சு 51 கிணறு வெட்டுனார்னு. வெட்டுனது நிஜம். கண்டுபிடிச்சார்ங்கிறதுதான் எனக்கு செரிக்கவே மாட்டேங்குது.

முதல்ல இந்தப் பாதை எதுக்குன்னா, எல்லாம் உண்ணியால வந்தது. மாநிலத்தோட வடக்குல கிம்பர்லின்னு ஒரு பகுதி, அதுல கிழக்கு கிம்பர்லி மாடுங்களுக்கு உண்ணி இருந்துச்சு, அதனால கப்பல்ல ஏத்தி தெக்க அனுப்ப தடை. தெக்க தங்கச் சுரங்கத்துல வேலை செய்றவங்களுக்கு கறி வேணும், மேற்கு கிம்பர்லி மாட்டுக்காரங்க மட்டும் வித்து வெலைய ஏத்தி வச்சிருந்தாங்க. சரி மாட்ட பாலைவனம் வழியா நடத்திட்டுப் போனா காஞ்ச வெயில்ல உண்ணி செத்துரும்னு ஒரு கணக்கு. ஆனா நூத்துக்கணக்கான மாட்டுக்கு வழி முழுக்க தண்ணி வேணுமே. அதுக்குத்தான் 1906ல கேன்னிங்க அனுப்புனாங்க, அதுக்கு முன்னாடி முயல் வராம தடுக்குற வேலிக்கு சர்வே பண்ண ஆள் அவர்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அந்தப் பாலைவனம் காலியா கிடந்த இடமே கிடையாது. மார்ட்டு, வால்மஜாரின்னு பல மக்கள் தலைமுறை தலைமுறையா அங்கதான் இருந்தாங்க. நம்ம ஊர்ல ஆத்து மணல்ல ஊத்து தோண்டுவோம்ல, அந்த மாதிரி எந்தக் குழியத் தோண்டினா எந்த சீசன்ல தண்ணி வரும்னு அவங்களுக்கு மனப்பாடம். வத்தாத ஊத்துக்கு ஜிலான்னு பேரு, மழைக்கப்புறம் கொஞ்ச நாள் இருக்குறது ஜுமு. ஜிலாவுக்குள்ள பாம்பு ரூபத்துல மூதாதை இருக்குன்னு நம்பிக்கை, அதனால கண்டபடி கிட்ட போக மாட்டாங்க. தண்ணி ஆவியாகாம இருக்க, மிருகம் விழாம இருக்க, குழி மேல கிளைய வெட்டிப் போட்டு மூடி வைப்பாங்க.

கேன்னிங் என்ன பண்ணார்? இவங்களப் பிடிச்சு, ராத்திரி ஓடிரக் கூடாதுன்னு சங்கிலி போட்டு, தண்ணி இருக்குற இடத்த காட்டச் சொன்னார். இது யாரோ கட்டிவிட்ட கதை இல்ல. கூடப் போன சமையல்காரர் எட்வர்ட் பிளேக்கே திரும்பி வந்து புகார் கொடுத்து 1908ல ராயல் கமிஷன்னு அரசாங்க விசாரணைக் குழு உக்காந்துச்சு, சங்கிலி போட்டத கேன்னிங்கே மறுக்கல. மாநிலத்தோட முன்னாள் முதல்வர் ஜான் ஃபாரஸ்ட் மாதிரி பெரிய தலையெல்லாம் கேன்னிங் பக்கம் நின்னாங்க, கமிஷனும் விட்டுருச்சு. அவருக்கு முன்னாடி 1896ல அந்தப் பாலைவனத்த ஆராயப் போன டேவிட் கார்னகி இன்னும் மோசம், பிடிச்சவங்களுக்கு உப்புக்கறி கொடுத்து, தாகம் தாங்காம அவங்களே தண்ணிகிட்ட கூட்டிட்டுப் போற மாதிரி பண்ணவர்.

கமிஷன் முடிஞ்ச கையோட ஒட்டகம், வண்டி, ஆள் எல்லாம் திரட்டிட்டு 1908ல இருந்து 1910 வரைக்கும் கிணறு வெட்டுனாங்க. சுமார் ஒரு நாள் நடைக்கு ஒண்ணு, ஒரே நேரத்துல 800 மாடு வரைக்கும் குடிக்கிற கணக்குல, சுத்தி மரம் அடிச்சு, வாளி, தொட்டி எல்லாம் வச்சு. நல்ல வேலைதான், அத நான் குறை சொல்லல. ஆனா அதுல பெரும்பாலான கிணறு எங்க வெட்டுனது? ஏற்கனவே இருந்த ஊத்து மேலயே, இல்ல அது பக்கத்துலயே. ஆழமா வெட்டி மேல கனமான வாளிய தொங்க விட்டதும் ஊத்துக்கு சொந்தக்காரன் ஒத்த ஆளா தண்ணி எடுக்க முடியல. மாட்டுக்கு தண்ணி, மனுசனுக்கு இல்ல. கோவம் வராதா? வாளிய ஒடச்சாங்க, கிணத்த நாசம் பண்ணாங்க. 1911ல மந்தை ஓட்டிட்டு வந்த தாம்சனும் ஷூஸ்மித்தும் கூட வந்த ஆள் ஒருத்தரும் 37ஆவது கிணத்துகிட்ட கொல்லப்பட்டாங்க, அதுக்குப் பழிவாங்கப் போன போலீஸ் கூட்டம் குறைஞ்சது 10 பேர சுட்டுக் கொன்னுச்சு. இந்த ரெண்டாவது பாதிய வீடியோவுல யாரும் சொல்ல மாட்டாங்க.

இவ்ளோ பண்ணியும் 1911ல இருந்து 1931 வரைக்கும் எட்டே எட்டு மந்தைதான் இந்த வழியா போச்சு. 1929ல ரிப்பேருக்கு போன வில்லியம் ஸ்னெல்ங்கிறவருக்குத்தான் விஷயம் புரிஞ்சிருக்கு, இந்த மக்களால தண்ணி எடுக்க முடியாத மாதிரி கட்டி வச்சா ஒடைக்கத்தான் செய்வாங்கன்னு சொல்லி கிணத்துக்குள்ள ஏணி வச்சார். ஒரு ஏணி! அது தோண இருபது வருஷம் ஆயிருக்கு. அவர் பாதியில விட்ட வேலைய முடிக்க 70 வயசு கேன்னிங்கையே மறுபடி கூப்பிட்டது தனிக் கூத்து. கடைசி மந்தை 1959ல போச்சு, அதோட மாட்டுக் கதை முடிஞ்சது.

33ஆவது கிணத்துப் பக்கம் பொறந்தவர்தான் ரோவர் தாமஸ், 1990ல வெனிஸ் கலைவிழாவுக்கு ஆஸ்திரேலியா சார்பா போன ஓவியர். 2002ல மார்ட்டு மக்களோட நில உரிமைய கோர்ட்டும் ஒத்துக்கிச்சு. இப்ப அந்தப் பாதையில வண்டி ஓட்ட பெர்மிட் வாங்கணும், அதுக்கு காசு கட்டணும்னதும் "பொது ரோட்டுக்கு எதுக்குய்யா பெர்மிட்"னு பொலம்புறவங்களப் பாத்தா எனக்கு சிரிப்புதான் வருது. அவங்க ஊத்த நம்பித்தானய்யா அந்த ரோடே வந்துச்சு, கட்டிட்டுப் போங்க.