சேலத்துக் கடிகாரமும் சூரியனும்
பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக, உலக நேரத்தில் அவ்வப்போது கூடுதலாகச் சேர்க்கும் ஒரு நொடிதான் லீப் நொடி. "லீப் நொடியை நிறுத்திவிட்டால் பகல் 12 மணிக்குச் சூரியன் உச்சிக்கு வராது" என்று அதைப் பற்றிய ஒரு கட்டுரையில் படித்தேன். சேலத்தில் இப்போதே வருவதில்லையே! இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு உரியது. நாம் இருப்பது சுமார் 78.15இல். அதனால் சராசரியாக 17 நிமிடம் பிந்தித்தான் நமக்கு உச்சிப்பொழுது. ஏற்காட்டில் வீட்டு முற்றத்தில் குச்சி நட்டு, பிள்ளைகளோடு ஒரு வருடம் நிழலைக் குறித்தேன். நவம்பர் தொடக்கத்தில் நிழல் மிகக் குறுகியது 12:01 வாக்கில், பிப்ரவரி நடுவில் 12:31 வாக்கில். பூமியின் சாய்வும் நீள்வட்டப் பாதையும் சேர்ந்து செய்கிற வேலை அது. பிள்ளைகள் முதலில் நம்பவே இல்லை, கடிகாரம்தான் தப்பு என்றார்கள். இந்த அரை மணி நேர ஆட்டத்துக்கு முன்னால், 1972 முதல் இதுவரை சேர்த்த லீப் நொடிகள் மொத்தமே 27. 2035க்குள் இந்த முறையைக் கைவிட 2022இல் முடிவெடுத்ததை நான் வரவேற்கிறேன். ஆனால் தொலைநோக்கியைத் திருப்புகிறவர்களுக்கு ஒரு நொடியும் பெரிதுதான். அதற்குள் வானம் 15 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கு) நகர்ந்துவிடும். அப்புறம், லீப் நொடியை நள்ளிரவில் சேர்ப்பார்கள் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார்; அது உலக நேரப்படி. கடைசி லீப் நொடி நமக்கு வந்தது 2017 ஜனவரி 1 காலை 5:30க்குச் சற்று முன்பு.