ஹெவி மெட்டல் கேட்டால் பிள்ளைகள் கெட்டுப்போவார்களா?

"ஹெவி மெட்டல் கேட்டால் பிள்ளைகள் வன்முறையில் இறங்குவார்கள். பாட்டுக்குள் தற்கொலைக் கட்டளை ஒளிந்திருப்பதை அமெரிக்க நீதிமன்றமே ஒப்புக்கொண்டது." அதிரும் கிடாரும் டிரம்ஸும் கொண்ட ராக் இசை வகையான ஹெவி மெட்டலைப் பற்றி சென்னைக் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் தகவல் இது. தவறு.

தீர்ப்பு இதற்கு நேர் எதிர். ஜூடாஸ் பிரீஸ்ட் என்ற பிரிட்டிஷ் மெட்டல் இசைக்குழுவின் மீது நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரில் நடந்த வழக்கு அது. 1985இல் இரண்டு இளைஞர்கள் எடுத்த விபரீத முடிவுக்கு, பாட்டில் மறைத்து வைத்த 'செய்' என்ற சொல்தான் தூண்டுதல் என்றார்கள் குடும்பத்தார். பாடகரின் மூச்சொலியும் கிடார் ஒலியும் தற்செயலாகச் சேர்ந்து அப்படிக் கேட்கிறது என்று சொல்லி, 1990 ஆகஸ்டில் நீதிபதி குழுவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். பார்வர்ட் செய்பவர்கள் வழக்கைச் சொல்கிறார்கள், முடிவை விட்டுவிடுகிறார்கள்.

வன்முறை? 2015இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 39 மெட்டல் ரசிகர்களுக்குக் கோபமூட்டி, பிறகு அவர்களில் ஒரு பகுதியினரைத் தங்களுக்குப் பிடித்த மெட்டலைக் கேட்கவிட்டது. கோபம் ஏறவில்லை, எரிச்சல் தணிந்தது. ஆனால் அவர்கள் ஏற்கெனவே ரசிகர்கள். சபாக் கச்சேரியில் ஊறிய காதுக்கு மெட்டல் பாடகர்களின் உறுமல் குரல் இதமாக இருக்கும் என்று ஆய்வு சொல்லவில்லை (இருக்காது, முதல் நாள் நிச்சயமாக இருக்காது). பிடிக்காதது வேறு, ஆபத்து வேறு. 2009இல் ஸ்வீடனின் ஓபெத் என்ற மெட்டல் குழு இங்கே சென்னை ஐஐடி மாணவர்களின் சாரங் கலைவிழாவிலேயே வாசித்திருக்கிறது.

கவனிக்க வேண்டியது சத்தத்தை. 80 டெசிபல் ஒலி அளவில் வாரம் 40 மணி நேரம்தான் பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. ஹெட்போனில் தவில் கேட்டாலும் அதே கணக்குதான்.