பாசி முளைப்பது வேறு, கார்பன் புதைவது வேறு

ஆர்க்டிக் கடல் பச்சைப் பசேலென்று சுழித்துக்கொண்டிருக்கும் அந்தச் செயற்கைக்கோள் படத்தை இந்த வாரம் மட்டும் நான்கு பேர் பகிர்ந்துவிட்டார்கள். நால்வரும் எழுதியிருப்பது கிட்டத்தட்ட ஒன்றேதான். பனி உருகினால் என்ன, வெயில் படும், பாசி பெருகும், பாசி காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும், இயற்கை தன் கணக்கைத் தானே நேர்செய்துகொள்ளும், நாம் ஏன் அலட்டிக்கொள்ள வேண்டும் என்று. நால்வரும் எனக்கு வேண்டியவர்கள் என்பதால் பின்னூட்டத்தில் போய்ச் சண்டை பிடிக்காமல் இங்கே தனியாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாசி கரியமில வாயுவை இழுக்கிறது, அதில் தகராறு இல்லை. இழுத்த கார்பன் அப்புறம் எங்கே போகிறது என்பதை யாருமே கேட்பதில்லை, என் எரிச்சல் அதுதான்.

ஒரு டையாட்டத்தை எடுத்துக்கொள்வோம். வெறுங்கண்ணுக்குத் தெரியாத, கண்ணாடி ஓடு போட்டுக்கொண்ட ஒற்றைச் செல் பாசி. சில நாட்கள் வாழும். பிறகு ஒன்று அதை யாராவது தின்பார்கள், இல்லையென்றால் செத்து பாக்டீரியாவின் வாய்க்குப் போகும். தின்றவர் மூச்சு விடுவார், அந்த மூச்சில் அதே கரியமில வாயு வெளியே வரும். இதெல்லாம் மேல் நூறு இருநூறு மீட்டருக்குள் நடந்து முடிந்துவிட்டால், குளிர்காலப் புயல் கடலைக் கலக்கியதும் அந்த வாயு மறுபடி காற்றுக்கே திரும்பிவிடும். வலது கையால் வாங்கி இடது கையால் கொடுத்த கதை. படத்தில் கடல் என்னவோ பச்சையாகத்தான் தெரியும்.

உலகக் கடல் முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 5,000 கோடி டன் கார்பன் பாசிகளின் உடம்பாக மாறுகிறது. நிலத்தில் இருக்கும் காடு, வயல், புல்வெளி எல்லாம் சேர்ந்து செய்கிற வேலைக்குக் கிட்டத்தட்ட சமம். அதில் மேலடுக்கை விட்டுக் கீழே இறங்குவது ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ. இறங்கியதும் பாதியில் தின்னப்படுகிறது. ஜான் மார்ட்டின் என்ற கடலியலாளரும் அவருடைய குழுவும் 1987-இல் பசிபிக் கடலில் அளந்து இதற்கு ஒரு சூத்திரம் எழுதினார்கள். அதன்படி 100 மீட்டர் ஆழத்தைத் தாண்டும் கார்பன் 100 பங்கு என்றால், 1,000 மீட்டருக்கு வந்து சேர்வது 14 பங்கு, 4,000 மீட்டரில் வெறும் 4. இது சராசரிக் கணக்கு, துருவக் கடலில் இடத்துக்கு இடம், மாதத்துக்கு மாதம் தாறுமாறாக மாறும், ஆனாலும் போக்கு இதுதான். அந்த நாலு பங்கிலும் அடிமண்ணில் நிரந்தரமாகப் புதைவது கொஞ்சம்தான், மீதியை அங்கே இருப்பவர்கள் தின்றுவிடுவார்கள். ஆனால் அத்தனை ஆழத்தில் விட்ட மூச்சு மேலே வந்து காற்றைத் தொட நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும். நமக்கு அதுவே போதும்.

இந்த இறக்கம் மட்டும் இல்லாமல் போயிருந்தால் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 150 முதல் 200 பங்கு வரை கூடுதலாக இருந்திருக்கும் என்கிறது மதிப்பீடு. இப்போது இருக்கும் 420 சொச்சத்துக்கே இந்தப் பாடு படுகிறோம்.

சரி, என்னதான் இறங்குகிறது? செத்த பாசி, உரிந்த ஓடு, சளி, புழுக்கை எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வெள்ளைத் துணுக்குகளாக விழுந்துகொண்டே இருக்கும். நீர்மூழ்கியின் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் பனி பொழிகிற மாதிரி இருக்கும் என்பதால் 'கடல் பனி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அழகான பெயர்தான். உள்ளே இருப்பது பெரும்பாலும் சளியும் மலமும்.

இந்தத் துணுக்கு விழும் வேகத்தில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு நாளைக்கு 10 மீட்டர் இறங்கினால் 4,000 மீட்டர் போக ஒரு வருடத்துக்கு மேல் ஆகும், அதற்குள் பாக்டீரியா அதை ஒன்றுமில்லாமல் செய்துவிடும். 100 மீட்டர் இறங்கினால் நாற்பது நாள், கொஞ்சம் நம்பிக்கை வைக்கலாம். வேகம் வேண்டும் என்றால் கனம் வேண்டும். டையாட்டத்தின் சிலிக்கா ஓடு அந்தக் கனத்தைக் கொடுக்கும். ஃபேயோசிஸ்டிஸ் என்றொரு பாசி இருக்கிறது, துருவக் கடல்களில் கொழகொழவென்று கூட்டமாக வளரும், ஓடு கிடையாது, வெறும் சளிப்பந்து. இதெல்லாம் மேலேயே மிதந்து அங்கேயே அழிந்துவிடும் என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். 2015-இல் போலார்ஸ்டெர்ன் என்ற ஜெர்மானிய ஆய்வுக் கப்பல் ஆர்க்டிக்கில் பனிக்கு அடியிலிருந்து எடுத்து வந்த சளிக் கட்டிகளைப் பார்த்தால் உள்ளே ஊசி ஊசியாக ஜிப்சம் படிகங்கள். கடல்நீர் உறையும்போது உப்புகள் ஒதுங்கி, பனிக்கட்டிக்குள்ளேயே ஜிப்சம் விளைந்து, பனி உருகும்போது உதிர்ந்து சளியில் மாட்டி, அதற்குக் கல் கட்டிவிட்ட மாதிரி கீழே இழுத்துப் போயிருக்கிறது. ஜிப்சம் தண்ணீரில் சீக்கிரம் கரைந்துவிடும் என்பதால் சாட்சி இல்லாத வேலை, அவ்வளவு நாள் யார் கண்ணிலும் படாமல் போனதில் ஆச்சரியமில்லை. எனக்கு இந்த ஒரு விஷயம் ரொம்பப் பிடிக்கும். யோசித்துப் பாருங்கள், உறைபனியே இல்லாத கடலில் இந்தக் கல் எங்கிருந்து வரும்?

தெற்கே அண்டார்க்டிக்கில் கதை வேறு. அங்கே கூனி இறால் சாயலில் கிரில் என்ற உயிரினம் கோடானுகோடிக் கணக்கில் மொய்க்கிறது. பாசியை மேயும், நூல் நூலாகப் புழுக்கை போடும், அது ஒரு நாளைக்குச் சில நூறு மீட்டர் வேகத்தில் இறங்கும். கூட்டம் பெரியதாக இருந்தால் புழுக்கை மழை கீழே காத்திருக்கும் வாய்களையெல்லாம் தாண்டிப் போய்விடும். அதோடு வளர வளர அடிக்கடி ஓட்டையும் உரித்துப் போட்டுக்கொண்டே இருக்கும், அதுவும் கார்பன்தான். இந்தக் கிரில்லைத்தான் எண்ணெய் மாத்திரைக்கும் வளர்ப்பு மீனின் தீவனத்துக்கும் அள்ளுகிறோம். அண்டார்க்டிக்கைச் சூழ்ந்திருக்கும் தென்கடலின் அட்லாண்டிக் பக்கத்துக்கு வைத்த பிடிப்பு வரம்பு 6.2 லட்சம் டன், 2025-இல் அதைத் தொட்டுவிட்டதால் பருவம் முடியும் முன்பே பிடிப்பை நிறுத்த வேண்டியதாயிற்று. மொத்தக் கிரில்லோடு ஒப்பிட்டால் சின்ன எண்ணிக்கைதான், ஆனால் கப்பல்கள் வலையை விரிப்பது கூட்டம் அடர்த்தியாக இருக்கும் இடத்தில், புழுக்கை மழை கொட்டுவதும் அதே இடத்தில்.

இனி, நண்பர்கள் என் பக்கம் எறியக்கூடிய ஒரே நல்ல கல்லை நானே எடுத்துக் கொடுக்கிறேன். 2012 கோடையில் ஆர்க்டிக் பனிப்பரப்பு அதுவரை இல்லாத அளவுக்குச் சுருங்கியது, செப்டம்பரில் சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டர். அந்தக் கோடையில் ஆன்ட்யே போயேட்டியஸ் என்ற கடல் ஆய்வாளர் தலைமையிலான குழு அதே போலார்ஸ்டெர்னில் வடதுருவம் பக்கம் போய் 3,500 முதல் 4,400 மீட்டர் ஆழத்துக்குக் காமிராவை இறக்கியது. பாலைவனம் மாதிரி கிடக்க வேண்டிய அடித்தரையில் பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாகப் பாசி! மெலோசிரா ஆர்க்டிகா, பனிப்பாளத்தின் அடிவயிற்றில் சடை சடையாகத் தொங்கும் டையாட்டம். மேலே பனி உருகியதும் பிடி விட்டு மொத்தமாக விழுந்திருக்கிறது. சில இடங்களில் தரையில் பத்தில் ஒரு பங்கு மூடிக் கிடந்தது. கடல் அட்டைகள் அதன்மேல் ஏறி உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தன. மேலே எடுத்து வந்து சோதித்தபோது சில பாசிகளுக்கு இன்னும் ஒளிச்சேர்க்கை செய்யும் தெம்பு இருந்ததாம், நாலு கிலோமீட்டர் இருட்டுக்குள் விழுந்த பிறகும். அத்தனை விரைவாக விழுந்திருக்கிறது.

ஆக, பனி உருகியது, கார்பன் இறங்கியது, பார்த்தாயா என்று கேட்பீர்கள். கேளுங்கள். ஆனால் அந்தப் பாசி தொங்கியது எதில்? பனியில். பனி மெலிந்தால் வெளிச்சம் கூடுதலாகப் போய்ப் பாசி செழிக்கலாம், அது வரைக்கும் சரி. கொடிக்காலையே பிடுங்கிவிட்டால் கொடி எதில் படரும்? இன்னொன்று, அந்தச் சடைகள் வழியில் கிடைப்பதையெல்லாம் ஒட்டிக்கொண்டு போகின்றன. 2023-இல் வெளியான ஆய்வொன்றில் மெலோசிரா கட்டிகளில் நுண்பிளாஸ்டிக் சுற்றியிருந்த தண்ணீரைப்போலப் பத்து மடங்கு இருந்தது. கடல் அட்டைக்கு நாம் அனுப்பும் சீர்வரிசை.

அப்புறம் உருகிய தண்ணீரும் சும்மா இருப்பதில்லை. அது உப்புக் குறைந்தது, லேசானது, கடல்மேல் மூடி போட்ட மாதிரிப் படுத்துக்கொள்ளும். கிரீன்லாந்துக்கும் ஸ்வால்பார்டு தீவுகளுக்கும் நடுவில் இருக்கும் ஃபிராம் நீரிணையில் இரண்டு ஆண்டுகள் இடைவிடாமல் அளந்து 2021-இல் வெளியிட்டார்கள். இந்த மூடி விழுந்த நிலையில் கார்பன் கீழிறங்குவது நான்கு மாதம் தள்ளிப் போயிருந்தது. பாசி இருந்தது, பச்சையும் இருந்தது, இறங்கத்தான் இல்லை. அடித்தரையில் வாழ்பவர்களிடத்திலும் அந்த வித்தியாசம் தெரிந்தது. நீங்கள் பகிர்ந்த படத்தில் இதெல்லாம் தெரியாது, ஏனென்றால் செயற்கைக்கோள் பார்ப்பது கடலின் மேல்தோலைத்தான்.

இதே மேல்தோலைக் காட்டித்தான் கடலில் இரும்பைக் கொட்டிப் பாசி வளர்த்து, இத்தனை டன் கார்பனைக் காற்றிலிருந்து எடுத்தோம் என்று கணக்குக் காட்டி கார்பன் வரவுச் சீட்டு (கார்பன் கிரெடிட்) விற்கலாம் என்று அவ்வப்போது யாராவது கிளம்புகிறார்கள். தென்கடலில் இரும்புச் சத்துப் பற்றாக்குறை என்பது உண்மை. 2004-இல் ஐஃபெக்ஸ் சோதனையில் இரும்பு போட்டார்கள், டையாட்டங்கள் பூத்துத் தள்ளின, அந்தப் பாசித்திரளில் பாதிக்குக் குறையாமல் 1,000 மீட்டரைத் தாண்டி இறங்கியது. 2009-இல் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் ஆய்வகமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வேகனர் ஆய்வகமும் சேர்ந்து லோஹாஃபெக்ஸ் என்ற சோதனை செய்தார்கள், லோஹா என்றால் இந்தியில் இரும்பு. இரண்டுக்கும் அதே போலார்ஸ்டெர்ன் கப்பல், அதே தென்கடல், இந்த முறை 300 சதுர கிலோமீட்டர் பரப்பு. பாசி முளைக்கத்தான் செய்தது, ஆனால் அந்த இடத்தில் தண்ணீரில் சிலிக்கா தீர்ந்துபோயிருந்தது, ஓடு கட்ட வழியில்லாமல் டையாட்டம் வரவில்லை. வந்த ஓடில்லாப் பாசியைக் கோபிபாட் என்ற குட்டி மேய்ச்சல் உயிர்கள் தின்றன, அவற்றை அவற்றைவிடப் பெரிய ஆம்ஃபிபாடுகள் தின்றன, கீழே போனது சொற்பம். இரண்டு சோதனைக்கும் நடுவே ஐந்தே வருடம், முடிவுகள் நேரெதிர். ஆராய்ச்சி செய்யட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எவ்வளவு முளைத்தது என்பதை மட்டும் காட்டி எவனாவது சீட்டு விற்க வந்தால், எத்தனை மீட்டர் இறங்கியது, எந்தப் புட்டியில் பிடித்தாய் என்று கேட்கத்தான் சொல்கிறேன்.

புட்டி என்று சொன்னது விளையாட்டுக்கு அல்ல. ஃபிராம் நீரிணையில் 1999 முதல் ஹவுஸ்கார்டன் என்றொரு ஆழ்கடல் ஆய்வுத்தளம் இயங்கி வருகிறது. ஜெர்மன் மொழியில் அதற்கு வீட்டுத் தோட்டம் என்று பொருள். சூரியனே எட்டாத 2,500 மீட்டர் ஆழத்துக்கு இப்படிப் பெயர் வைத்த ஆளை நான் ஒருமுறை பார்க்க வேண்டும். அங்கே நங்கூரம் கட்டி அகன்ற வாய்ப் புனல்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். புனலுக்கு அடியில் ஒரு வளையம், வளையத்தில் இருபது புட்டி போல, ஒவ்வொன்றிலும் விழுந்ததை யாரும் தின்றுவிடாதபடி நஞ்சு கலந்த உப்புநீர். சில வாரத்துக்கு ஒருமுறை மோட்டார் வளையத்தைத் திருப்பி அடுத்த புட்டியைப் புனலுக்கு நேரே கொண்டுவரும். அடுத்த கோடையில் கப்பல் வந்து ஒலிச் சைகை கொடுத்தால் நங்கூரம் விடுபட்டு மிதவைகளோடு எல்லாம் மேலே வரும். புட்டிகளை வரிசையாக நிறுத்தினால் ஒரு வருடம் அப்படியே கண்முன் நிற்கும். இருண்ட மாதங்களின் புட்டிகளில் அடியில் ஒரு மெல்லிய கோடு, சிலதில் அதுவும் சந்தேகம். வெளிச்சம் வந்த பிறகு திடீரென்று பழுப்புப் பஞ்சு மாதிரி ஏறும், பிறகு மறுபடி இறங்கிவிடும்.

அந்தப் பச்சைப் படத்தை அடுத்தமுறை பகிரும்போது கூடவே இந்தப் புட்டி வரிசையின் படம் ஒன்றையும் தேடிப் போடுங்கள். எதில் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே பேசுவோம். பின்னூட்டத்திலேயே வருகிறேன்.