செட்டில்மென்ட் ரத்து அவ்வளவு சுலபமில்லை
“மகன் கவனிக்காவிட்டால் ஆர்டிஓவிடம் (வருவாய் கோட்டாட்சியர்) மனு கொடுத்தாலே, பெற்றோர் உயிரோடிருக்கும்போதே அவனுக்குச் சொத்தை எழுதிக் கொடுத்த செட்டில்மென்ட் பத்திரம் ரத்தாகிவிடும்” என்று ஒரு கட்டுரை சொல்வது பாதி உண்மைதான். மூத்த குடிமக்கள் சட்டம் 2007, பிரிவு 23 கேட்பது, பராமரிப்பு நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தா என்பதை. “அன்பினாலும் பாசத்தினாலும்” என்று பத்திரத்தில் வரும் வழக்கமான வரியை மட்டும் நம்பி எழுதியவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பராமரிப்பு நிபந்தனை இருந்ததாக நிரூபிக்க வேண்டும் என்று 2022-ல் சுதேஷ் சிக்காரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில் தாய்க்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது நிஜம், ஆனால் அங்கே கவனித்துக்கொள்வதாக மகன் தனியே எழுதிக் கொடுத்த உறுதிமொழியும் கையில் இருந்தது. எனவே உணவு, மருத்துவம், தங்குமிடம் என்று பத்திரத்திலேயே எழுதி, ஆயுள்கால அனுபவ உரிமையையும் வைத்துக்கொள்ளுங்கள். பத்திர எழுத்தர் பழைய மாதிரியை நீட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதைவிட உயில் மேல், உயிரோடு இருக்கும்வரை மாற்றலாம்.